கப்பலில் ஒரே ஒரு ஆள்

அந்தப் படத்தை நான் மொத்தம் ஒன்றேமுக்கால் தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை முழுசாக, இரண்டாம் தடவை முக்கால்வாசி. மீதிக் கால்வாசியைத் தன் கைப்பேசியிலேயே தேடி எடுத்துத் தருவதாகப் பேரன் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன். எதைப் பார்த்தாலும் குறையை எண்ணுகிற புத்தி எனக்கு. வேலையும் அதற்குத் தோதாகவே அமைந்தது. ஆட்களையும் வீடுகளையும் மாடுகளையும் எண்ணி மேலே அனுப்புகிற அரசாங்க ஆபீசில் உட்கார்ந்தே தலை நரைத்தேன். இப்போது எண்ணுவதற்கு ஆபீஸ் இல்லை. குழாய் சொட்டுவதையும் மருந்து அட்டையில் மாத்திரை குறைவதையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் இது தொந்தரவு, எனக்கும்தான். ஆனால் பேரன் பறக்கிற மனிதர்களின் படத்தைப் போட்டுவிட்டு, இதில் என்ன குறை சொல்லுங்கள் பார்ப்போம் என்று கூப்பிடும்போது மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைக்கு அடுத்த ஒரு சந்தில் எங்கள் வீடும் மாமாவின் வீடும் எதிரெதிரே இருந்தன. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். அப்பா சாலை பஜாரில் ஒரு மலைச்சரக்குக் கடையில் கணக்கெழுதினார். அம்மாவின் அண்ணனான மாமா அதே பஜாரில் பாத்திரக்கடை ஒன்றில் விற்பனைக்கு நின்றார். குடத்தை விரலால் சுண்டி, அதன் சத்தத்தைக் கேட்டே கனத்தைச் சொல்லுவார். வாங்க வருகிற பெண்களைச் சிரிக்கவைத்தே ஒரு குத்துவிளக்கைக் கூடுதலாகத் தலையில் கட்டிவிடுவார். மாமாவின் மனைவி எனக்கு அத்தை. அவர்களுக்கு ஒரே மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவன், அதனால் எனக்கு அத்தான்.

மாமா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மருமவனே என்பார். கூட ஒரு கேலியும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஒருவரின் சொத்து அவர் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குத்தான் போகும். மருமக்கள் வழி என்று அதற்குப் பெயர். பிறகு சட்டம் வந்து அது நின்றுபோனது. ஆனால் பேச்சில் நிற்கவில்லை. அத்தை மீன் பொரித்தால் மாமா முதல் துண்டை என் தட்டில் வைத்துவிட்டு, "பழைய காலமா இருந்தா எனக்க கடனெல்லாம் உனக்குத்தான் மருமவனே, இப்பவே ருசி பார்த்துக்கோ" என்பார். அத்தையும் சிரிப்பாள். அத்தான் அடுத்த துண்டை எனக்கு முன்னால் பறித்துக்கொள்வான்.

அந்த ஆங்கிலப் படம் நகரத்துக்கு வந்தது ஓண விடுமுறையில். ஆங்கிலப் படங்களைப் பெரும்பாலும் நண்பகல் காட்சிக்குத்தான் போடுவார்கள். நூன் ஷோ என்று அதற்குப் பெயர். பேசுவது யாருக்கும் புரியாது என்பதால் வாசலில் ரோஸ் தாளில் மலையாள நோட்டீஸ் கொடுப்பார்கள். அதில் பாதிக் கதை இருக்கும். மாமா எழுத்துக்கூட்டி வாசித்து எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசி வரியில் நிறுத்தினார். மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று இருந்தது. "காசு குடுத்தவனுக்குத்தான் மீதி, கேட்டியா" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கதை இதுதான். கலங்கரைவிளக்கத்தைக் காக்கிற ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பறப்பான். இடியைக் கையால் பிடிப்பான். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி முனகினாலும் அவன் காதில் விழும். பறக்கும்போது மட்டும் நீல உடுப்பும் தோளில் கட்டிய மஞ்சள் துணியும் போட்டுக்கொள்வான். மற்ற நேரத்தில் தலையில் ஒரு தொப்பி வைத்திருப்பான், ஊரில் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. தம்பிக்குச் சாதாரணக் கைகால்தான். ஒரு சாயங்காலம் அண்ணனும் தம்பியும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். தம்பி சீட்டியடித்துக்கொண்டே தோணியில் கடலுக்குப் போகிறான். புயல் வருகிறது. ஒரு பக்கம் ஆட்கள் நிறைந்த கப்பல் பாறையை நோக்கிப் போகிறது, இன்னொரு பக்கம் தம்பியின் தோணி கவிழ்கிறது. அவன் கப்பலுக்குப் போய் அதை முதுகால் தள்ளி நிறுத்துகிறான். பிறகு தோணிக்குப் பறந்து போகிறான். அங்கே தண்ணீர்தான் இருக்கிறது. அதற்கப்புறம் புயலை ஏவிவிட்ட வில்லனோடு ஒரு பெரிய சண்டை.

அந்த மாதம் முழுக்க எங்கள் சந்தில் பையன்கள் எல்லாரும் குளிக்கிற தோர்த்துத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மதில்மேலிருந்து குதித்தார்கள். ஒரு பையனுக்கு முழங்கை முறிந்தது. நான் குதிக்கவில்லை. பின்பக்கம் எழுதாத ஒரு காலண்டர் தாளில் அந்தப் படத்தின் குறைகளை வரிசையாக எழுதினேன். பறக்கிறவனைத் தூக்குகிற கம்பி ஒரு இடத்தில் பளிச்சென்று தெரிகிறது. கடலில் முங்கி எழுந்தும் மஞ்சள் துணி நனையவில்லை. புயலடிக்கிற இரவில் முழுநிலா. பறக்கத் தெரிந்தவன் ஏன் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறான். முனகல் கேட்கிற காதுக்கு அப்பா சாப்பிடக் கூப்பிடுவது ஏன் கேட்கவில்லை. இப்படி ஏழு வந்தது. எட்டாவதுதான் பெரிய குறை என்று கீழே கோடு போட்டிருந்தேன். அவ்வளவு வேகமாகப் பறக்கிறவன் கப்பலையும் தோணியையும் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம்.

அத்தானுக்கு இந்தத் தாளைக் கண்டாலே பிடிக்காது. "லே, குத்தம் கண்டுபிடிக்கதுக்கா படத்துக்கு வந்தே?" என்பான். அவன் நல்லதை மட்டும் சொல்வான். கப்பல் நிற்கிற அந்தச் சத்தம். பறந்து வருகிறவன் இறங்கும்போது மணல் இரண்டாகப் பிரிவது. தம்பி செத்த பிறகு அண்ணன் தம்பியின் ஈரச் செருப்பை எடுத்து வெயிலில் காயவைப்பது. அந்த இடத்தில் அத்தான் அழுதான், நான் செருப்பு எப்படி மிதந்து வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டாவது குறைக்கு அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. "சினிமாவுல ஒருத்தன் சாகணும்லே. இல்லேன்னா யாரு அழுவா?"

மாமாவை நடுவராக வைத்தோம். அவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, இரண்டு பேருமே வக்கீலுக்குப் படியுங்கள், ஒருத்தன் தோற்றாலும் பீஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்றார்.

பூஜை விடுமுறையில் மாமா எங்கள் இருவரையும் கல்லாற்றுக்குக் கூட்டிப்போனார். பொன்முடி பஸ்ஸில் ஏறி, மலை ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்தில் இறங்கிக்கொள்ள வேண்டும். பெரிய பெரிய உருண்டைப் பாறைகள், இடையிடையே கண்ணாடி போலத் தண்ணீர். பாதையோரம் இரண்டொரு சாயாக்கடைகள். கிளம்பும்போது அத்தை எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்தாள். அம்மா என் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டபடி, "அண்ணே, பிள்ளையப் பாத்துக்க" என்றாள். யாரும் சொல்கிற வார்த்தைதான்.

நாங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று குறைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அத்தான் ஒரு பாறைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மாமா கரையில் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் தலைக்குமேல் வெயில் அடித்தது. ஆனால் மலைமேல் எங்கோ மழை பெய்திருக்கிறது. தண்ணீர் முதலில் நிறம் மாறியது. சாயாக்கடைக்காரர் மேலே ஏறி வரச்சொல்லி மலையாளத்தில் கத்தியது கேட்டது. நான் எதற்கு என்று திரும்பிப் பார்த்தேன். அதற்குள் கால் தரையில் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது என் சட்டைக் காலரைப் பிடித்த ஒரு கை, முதுகில் பாறையின் சொரசொரப்பு. மாமா என்னைப் பாறைமேல் போட்டுவிட்டுத் திரும்பினார். அந்தப் பக்கம் தண்ணீர்தான் இருந்தது. அவர் உள்ளே பாய்ந்தார். கடைக்காரரும் இன்னும் சிலரும் கயிற்றோடு ஓடிவந்து அவரைத்தான் இழுத்துப் போட்டார்கள். அத்தானைச் சாயங்காலம் ஆற்றின் வளைவில் கண்டெடுத்தார்கள்.

எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அதனால் எதிர்வீட்டில் நடந்ததில் பாதி எனக்குக் கண்ணில் இல்லை, காதில்தான் இருக்கிறது. பாத்திரக்கடையிலிருந்து வந்தவர்களின் செருப்புச் சத்தம். அப்பா யாரிடமோ சிதைக்குக் கட்டை சொல்லி அனுப்பியது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அம்மா என்னைக் கம்பளியில் சுற்றி எதிர்வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அத்தை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்துவிட்டு மாமாவின் பக்கம் திரும்பி, ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கிட்ட நின்னது ஆரு?"

மாமா தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு பேரும்."

அத்தை தலையை ஆட்டினாள். ஒரு சாமானின் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டவள் போலத்தான் அந்த ஆட்டல் இருந்தது. "மருமக்கள் வழி போயாச்சு, சட்டம் வந்து எடுத்துப்போட்டுன்னு சொன்னாங்க" என்றாள். "எங்க போச்சு? எனக்க வீட்டுலல்லா இருக்கு."

அங்கிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் தோளைப் பிடித்திருந்த அம்மாவின் கை இறுகியது. எனக்கு அத்தை சொன்னது சொத்துப் பேச்சாகத்தான் பட்டது. மாமாவிடம் இருந்த சொத்தை நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒரு சைக்கிள், ஒரு கைக்கடிகாரம், சுவரில் தொங்கிய ரேடியோ. சைக்கிள் எனக்கு வந்தால் அத்தான் கோபித்துக்கொள்வானே என்றுகூட ஒரு நொடி தோன்றியது. பிறகுதான் அத்தான் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அதன்பிறகு இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருந்த அந்தச் சந்து அகலமாகிவிட்டது. அம்மா அந்தப் பக்கம் போவதை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை பாயசம் வைத்தால் கிண்ணத்தை எடுத்து வாசல்வரை போவாள், நின்று யோசித்துவிட்டுத் திரும்பிவிடுவாள். நான் எதிர்வீட்டுத் திண்ணைப் பக்கம் விளையாடினால்கூட உள்ளே கூப்பிட்டுவிடுவாள். என்னை அத்தையின் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள அவள் பட்ட பாட்டை, நான் ஏதோ தப்புச் செய்துவிட்டதற்கான தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். அத்தை மாமாவுக்குச் சமைத்துப் போட்டாள், வேட்டி துவைத்துப் போட்டாள். பேசவில்லை. மாமா பாத்திரக்கடைக்குப் போய்வந்தார். ஆனால் அவர் வாயிலிருந்து சிரிப்பு வராததால் குத்துவிளக்குகள் விற்கவில்லை. முதலாளி அவரை உள்ளே சரக்கறையில் எடை பார்க்க வைத்துவிட்டதாக அப்பா சொன்னார். கடையிலிருந்து வரும் வழியில் பத்மதீர்த்தக் குளம் இருந்தது. மாமா குளத்தைப் பார்க்காமல் கோட்டையைச் சுற்றிக்கொண்டு நீளமான வழியில் வீட்டுக்கு வந்தார். ஏன் அப்படிச் சுற்றுகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றாள்.

சிவராத்திரி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். அத்தனை மாதத்தில் அதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை. நெடுமங்காட்டுப் பாதையில் ஒரு ஓலைக்கொட்டகையில் அந்தப் பறக்கிறவன் படம் மறுபடியும் ஓடுகிறது, மருமகனைக் கூட்டிப்போகட்டுமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவின் முகத்தில் பயம் தெரிந்தது. நெடுமங்காட்டுப் பாதைதான் கல்லாற்றுக்கும் போகிற பாதை. ஆனால் மாமாவிடம் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு எந்த உரிமையும் மிச்சமில்லை. என் தலையைச் சீவிவிட்டாள். பிள்ளையப் பாத்துக்க என்று சொல்லவில்லை.

நான் குறைத்தாளை எடுத்து நிக்கர் பையில் வைத்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இரண்டாவது தடவை பார்த்தால் எண்ணிக்கை கூடும் அல்லவா.

கொட்டகையில் பெஞ்சு. கம்பி தெரிகிற இடம் வந்ததும் நான் அவர் கையைத் தட்டிக் காட்டினேன். ஆமா என்றார். படச்சுருள் தேய்ந்துபோயிருந்தது, நிறங்கள் எல்லாம் ஒரே தவிட்டு நிறமாகியிருந்தன. அதனால் முழுநிலா அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை, அந்தக் குறையை எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று புயல் வந்துவிட்டது. தம்பி தோணியில் கிளம்புகிற இடம் வரவே இல்லை. கப்பல், பாறை, முதுகு, அந்தச் சத்தம். பிறகு தோணி கவிழ்ந்து கிடந்த தண்ணீர். செருப்பு வெயிலில் காய்ந்தது. மாமா குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்து, தம்பி மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். பிறகு யாரோ பின்னாலிருந்து, "எடா ஓப்பரேட்டரே, செத்தவன் வந்நு சோறுண்ணுந்நெடா" என்று கத்த, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விசில் பறந்தது. இன்னொருவர், சாவு வீட்டுச் சோறுதானே, அவனுக்கும் ஒரு பிடி போடட்டும் என்று மலையாளத்தில் சொன்னார். விஷயம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த மாதிரிக் கொட்டகைகளில் ஒரே படப்பெட்டியை இரண்டு ஊருக்கு ஓட்டுவார்கள். முதல் ஊரில் ஒரு சுருள் ஓடி முடிந்ததும் சைக்கிளில் கட்டி அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். அன்றைக்குச் சைக்கிள்காரன் பெட்டி மாற்றிக் கொண்டுவந்திருக்கிறான். வர வேண்டிய சுருள் வரவில்லை. கையில் இருந்ததை ஓட்டிவிட்டு, வந்ததும் முந்தின சுருளைப் போட்டிருக்கிறார்கள். மாமாவிடம் இதை விளக்க ஆரம்பித்தேன்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் முன்பெஞ்சின் முதுகைப் பிடித்திருந்தன. தம்பி அண்ணனின் தட்டிலிருந்து மீன் துண்டைப் பறித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு சீட்டியடித்தான். வாசல்பக்கம் போனான். அவன் கதவைத் திறப்பதற்குள் மாமா எழுந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வா போவோம்."

"மாமா, சண்டை இருக்கே. இன்னும் கால்வாசி கிடக்கு."

அவர் காதில் வாங்கவில்லை. காலை மிதித்ததற்கு யாரோ திட்டினார்கள். வெளியே வந்தபோது நல்ல வெயில். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முழு டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு யாராவது பாதியில் எழுந்து வருவார்களா? வாயைத் திறந்து சொல்லாமல் பஸ் நிறுத்தம்வரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தேன்.

நிறுத்தத்துக்கு எதிரே இருந்த சாயாக்கடையில் எனக்கு நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி ஒன்று வாங்கித் தந்தார். தனக்குச் சாயா சொன்னார், குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தாள் இருக்கா என்று கேட்டார். எனக்குக் கோபம் போய்விட்டது. எடுத்து விரித்து ஒவ்வொன்றாக வாசித்தேன். நனையாத துணி, முழுநிலா, பஸ்ஸுக்கு நிற்பது. அவர் ஒவ்வொன்றுக்கும் உண்டு உண்டு என்று தலையாட்டினார். எட்டாவதுக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"மருமவனே, சும்மா படத்தப் பத்தித்தான் கேக்கேன். அவன் மொதல்ல கப்பலுக்குப் போனது சரியா தப்பா?"

இதற்குள் நான் என் கருத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். அத்தான் பக்கம் ஒரு புள்ளியாவது கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருந்தது.

"சரிதான் மாமா. கப்பல்ல எம்புட்டு ஆளு. தோணியில ஒருத்தன்தானே."

"கப்பல்ல ஒரே ஒரு ஆளுதான் இருந்தான்னு வச்சுக்கோ."

"அவ்வளவு பெரிய கப்பல்லயா?"

"வச்சுக்கோ."

நான் பழம்பொரியைக் கடித்தபடி யோசித்தேன். கணக்கு சுலபமாக இருந்தது. "அப்ப தோணிக்குத்தான் போகணும். தம்பில்லா. சொந்தத் தம்பிய விட்டுட்டு வேற ஆளை எடுக்கப் போனா அது குறைதான்."

"அந்த ஆளும் வேண்டிய ஆளு" என்றார் மாமா. "வேற ஒருத்தி நம்பி ஏத்திவிட்ட பிள்ள."

"அது படத்துல இல்லியே மாமா."

"இல்லதான்." கண்ணாடித் தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "அவனுக்கு யோசிக்க நேரம் இல்லேன்னா? கை அதுபாட்டுக்குப் போயிட்டுன்னா?"

"அவன் பறக்கிறவன். அவனுக்கு எப்படி மாமா நேரம் இல்லாமப் போவும்?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். நான் கடைக்காரரிடம் பென்சில் வாங்கி, ஒன்பதாவது குறையாக அதை எழுதினேன். கப்பலில் ஒரே ஒரு ஆள் இருந்தால் தோணிக்குத்தான் முதலில் போக வேண்டும். மாமா நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து நல்லா இருக்கு என்றார். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, கிழக்கேகோட்டை வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

மாமா அதற்குப் பிறகு நிறைய வருடம் இருந்தார். என் கல்யாணத்தில் தாய்மாமன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார். எனக்கு வேலை கிடைத்ததும் முதல் ஆளாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்தப் படத்தைப் பற்றி என்னிடம் மறுபடி பேசவில்லை, வேறெந்தப் படத்துக்கும் கூட்டிப்போகவில்லை. அத்தை கடைசிக் காலத்தில் அவரோடு பேசினாள், மருந்து சாப்பிட்டாச்சா என்கிற அளவுக்கு. அவர் போன பிறகு, எனக்குப் பேரன் பிறந்த பிறகு, ஒரு மத்தியானம் காரணமே இல்லாமல் அந்தச் சாயாக்கடைப் பேச்சு முழுவதும் வரிசையாக என் காதில் ஓடியது. யாரிடம் போய்ச் சொல்வது? திருத்தி எழுதினால் வாசிக்கிறதற்கு ஆள் இல்லை. கப்பலில் இருந்த அந்த ஒருவன் ஆள் வளர்ந்து, படித்து, பென்ஷன் வாங்கி, குழாய்ச் சொட்டை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு உயிருக்கு ஈடாகத் தூக்கிப் போடப்பட்ட உயிர் இவ்வளவுதானா என்று அவனை நானே பார்க்கிறேன்.

அன்றைக்கு இதெல்லாம் இல்லை. அன்றைக்கு நான் வீட்டுக்குள் ஓடிப்போனேன். அம்மா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் பத்திரமாகத் திரும்பி வந்ததைப் பார்த்ததும் அவள் முகம் தளர்ந்தது. என்ன பார்த்தே, மாமா என்ன பேசினார் என்று கேட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. செத்தவன் சோறு தின்றதைச் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. பாதியில் எழுந்து வந்ததைச் சொன்னேன். சாயாக்கடையில் மாமா கேட்டதை, அவர் குரலிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னேன். கப்பல்ல ஒரே ஒரு ஆளுதான் இருந்தான்னு வச்சுக்கோ என்ற இடத்தில் துருவல் சத்தம் நின்றது.

"நீ என்ன சொன்னே?"

நான் தாளை எடுத்து நீட்டினேன். அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஒன்பதாவதை வாசித்தாள். கடைசியில் நேரம் இல்லேன்னா என்று மாமா கேட்டதையும், அதற்கு நான் மடக்கியதையும் பெருமையோடு சொன்னேன்.

அவள் என்னை அறைந்தாள். அதற்கு முன்னும் பின்னும் அம்மா என்னை அடித்ததில்லை. கையில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவல் என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அடித்த கையாலேயே என்னை இழுத்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், எனக்கு மூச்சு முட்டியது. பிறகு விட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் சந்தைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள்.

நான் வாசற்படியிலிருந்து பார்த்தேன். அத்தை கதவுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், உள்ளே, மாமா சட்டையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அம்மா ஏதோ பேசப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கையையும் கூப்பி அத்தையைக் கும்பிட்டபடி நின்றாள். கோயிலில் நடை சாத்தும்போது நிற்பாளே, அப்படி. அத்தை கதவைச் சாத்தவும் இல்லை, விலகி வழி விடவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று நான் எண்ணவில்லை.

நான் கன்னத்தைத் தடவிக்கொண்டு படியில் உட்கார்ந்து தாளை விரித்தேன். எங்கேயோ தப்பு விட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் அடி விழாது. முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். கப்பலில் ஒருவன், தோணியில் ஒருவன். ஒன்றுக்கு ஒன்று சரி. தோணியில் இருக்கிறவன் சொந்தத் தம்பி, கப்பலில் இருக்கிறவன் வேறு யாரோ. அப்படியானால் தோணிக்குத்தான். மறுபடியும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வந்தது.